வியாழக்கிழமை வளையங்கள்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ஆய்வகத்துக் குளிரில் மூக்கு மட்டும் ஒழுகுகிறது. உன் வீட்டில் எல்லோரும் எப்படி? பெரியவளுக்குப் பல்லில் மாட்டிய கம்பியைக் கழற்றியாகிவிட்டதா?

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீ பாதியில் "சரி சரி, புரியுது" என்று வைத்துவிடுவாய். இது உனக்கு முழுசாகப் புரிய வேண்டிய விஷயம்.

திங்களும் வியாழனும் நீ பஸ்ஸில் பிளாஸ்க் அனுப்புகிறாயே, அதிலிருக்கும் பன்றி இதயத் தமனிகளை நான் என்ன செய்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மோதிரம் மாதிரி சின்னச் சின்ன வளையங்களாக நறுக்குகிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே, உடம்புச் சூட்டில் இருக்கும் உப்புக் கரைசலில் தொங்கவிடுகிறேன். மேல் கொக்கி ஒரு பேனாவோடு சேர்ந்திருக்கிறது. வளையம் இறுகினால் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். பன்றி செத்து ஆறு மணி நேரம் ஆன பிறகும் அந்தக் குழாய் தன் வேலையை மறப்பதில்லை. பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன். ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

அடினோசின் என்று ஒரு பொருள். உன் உடம்பிலும் பன்றி உடம்பிலும் ஊறுவது. இதயம் திணறத் திணற உழைக்கும்போது அதன் செல்களிலிருந்து கசிந்து, பக்கத்திலிருக்கும் ரத்தக்குழாயிடம் "கொஞ்சம் வழி விடு" என்கிறது. குழாய் தளர்கிறது, ரத்தம் கூடுதலாக வருகிறது. அதே அடினோசினுக்கு மூன்று பாஸ்பேட் வால் ஒட்டினால் அதன் பெயர் ஏ.டி.பி. அதுவும் இந்தத் தமனியைத் தளர்த்த வேண்டும். உன் திங்கட்கிழமை வளையங்களில் தளர்த்துகிறது. வியாழக்கிழமை வளையங்களிலோ, அடினோசின் போட்டால் ஒழுங்காகத் தளர்கிறது, ஏ.டி.பி. போட்டால் பேனா விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. இறுகுகிறதடா! நவம்பரிலிருந்து இதே கூத்து.

பேராசிரியர், "வியாழனையெல்லாம் கணக்குலேர்ந்து தூக்கிடுங்கம்மா, குழப்பம் வேண்டாம்" என்கிறார். எனக்குத் தூக்க மனசில்லை. வியாழக்கிழமைப் பன்றிகள் எந்தப் பண்ணை, என்ன வயசு, என்ன தீனி, லாரியில் எத்தனை மணி நேரம் நின்றன என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

இங்கே அனைவரும் சுகம். பெரியவளுக்குக் கம்பி போய்விட்டது. இப்போது கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

விசாரித்தேன். இரண்டு நாளும் ஒரே பண்ணை, ஒரே தீனி, ஆறு மாதக் குட்டிகள், லாரியில் நாலு மணி நேரம். பன்றிகளுக்கு நாள் கிழமை பார்க்கத் தெரியாது அக்கா. நம் இறைச்சிக் கூடத்தில் வியாழக்கிழமைக்கென்று தனியாக எதுவும் இல்லை. நான் பரிசோதித்து முத்திரை குத்தியதும் இதயத்தை வாங்கி, தமனியை உரித்து, நீ சொன்னபடி குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டு மூடுகிறேன். இரண்டு நாளும் என் கையால்தான்.

ஒருவேளை உன் ஊருக்கு வரும் பஸ்தான் வியாழக்கிழமை குலுங்கிக் குலுங்கி வருகிறதோ என்னவோ. வேறு என்ன? மழை இருக்கிறதா அங்கே?

அன்புத் தம்பி

*

ஜனவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

மூக்கு சரியாகிவிட்டது. மழை இல்லை. நீ எப்போதிலிருந்து மழையை விசாரிக்க ஆரம்பித்தாய்?

பஸ் மேல் பழி போடாதே. கண்டுபிடித்துவிட்டேன்.

ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. ஏ.டி.பி. வந்தால் அந்தப் படலம்தான் செய்தியை வாங்கித் தசையிடம் "தளர்" என்று சொல்கிறது. படலம் போய்விட்டால் ஏ.டி.பி. நேராகத் தசையிடமே போய் நிற்கும். தசை அதைப் பார்த்து இறுகும். அடினோசின் அப்படியில்லை, தசையோடு நேராகவே பேசித் தளர்த்திவிடும். படலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

போன திங்கட்கிழமை வந்த நல்ல வளையம் ஒன்றை எடுத்து, அதன் உள்பக்கத்தைத் தீக்குச்சியால் நாலு உருட்டு உருட்டினேன். ஏ.டி.பி. போட்டேன். பேனா மேலே ஏறியது! திங்கட்கிழமை வளையம் வியாழக்கிழமை வளையமாகிவிட்டது. ஆய்வகத்தில் தனியாக நின்று கைதட்டினேன். கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆக, வியாழக்கிழமை யாரோ தமனியின் உட்புறத்தைத் தேய்க்கிறார்கள். உன் கையை எனக்குத் தெரியும். சின்ன வயதில் தபால் தலையை உறையிலிருந்து பிரிக்க ஒரு மணி நேரம் ஊறவைத்துக் காத்திருந்தவன் நீ. உன் கை தேய்க்காது. வியாழக்கிழமை பிளாஸ்கை நிரப்புவது வேறு ஆள்.

அது தப்பில்லை. ஆனால் "என் கையால்தான்" என்று எழுதினாயே, அதுதான் ஏன் என்று தெரியவில்லை. வியாழக்கிழமைகளில் நீ எங்கே போகிறாய்?

அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நலமா? பதில் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை அதிகம். அதுவும் பொய். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நீ சொன்னது சரி. வியாழக்கிழமை கூடத்தில் வெட்டுகிற நம் மீசைக்காரர்தான் எடுத்து அனுப்புகிறார். கசாப்புக் கத்தியில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய்க் கேட்டேன். "அண்ணே, உள்ள எதையாவது தேச்சீங்களா?"

"பின்ன? உள்ள ரத்தம் ஒட்டிக்கிட்டு இருந்திச்சு சார். படிச்சவங்க பாக்கிற பொருள், அழுக்கா அனுப்பலாமா? சுண்டு விரலை விட்டு நல்லாத் தொடச்சுத்தான் அனுப்பறேன்."

மரியாதைக்காகச் செய்திருக்கிறார். உன் மூன்று மாத வேலையை ஒரு சுண்டு விரல் கவிழ்த்திருக்கிறது. நான் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் முகம் சுருங்கிப் போய்விட்டது.

நான் வியாழக்கிழமைகளில் ஒரு நண்பரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தனி ஆள். படியேறினால் மூச்சு வாங்குகிறது. இதய மருத்துவர் அன்றைக்குத்தான் பார்ப்பார். இப்போது ஏதோ ஸ்கேன் எடுக்க வேண்டுமாம், அதற்கு முன் ஒரு மருந்தை நரம்பில் ஏற்றுவார்களாம். சீட்டைப் பார்த்தேன். அடினோசின் என்று எழுதியிருந்தது. உன் அடினோசினேதானா அது? மனிதருக்கு ஏற்றினால் என்ன ஆகும்? நண்பர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் சீட்டை மடித்து மடித்துப் பிரிக்கிறார்.

தம்பி

*

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது, இன்றே எழுதுகிறேன். முதலில், மீசைக்காரரிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல். பேராசிரியரிடம் விவரம் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இனி வியாழக்கிழமை பாதித் தமனிகளை அவர் விரல் விட்டுத் துடைக்க வேண்டும், பாதியைத் தொடவே கூடாது. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்கில் அனுப்பினால் படலம் உள்ளது, இல்லாதது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் விரலுக்கு இப்போது ஆய்வகத்தில் தனி மரியாதை.

உன் நண்பர் விஷயம். ஆமாம், அதே அடினோசின்தான். எதற்கு ஏற்றுகிறார்கள் தெரியுமா? நல்ல ரத்தக்குழாய் அடினோசினைக் கண்டதும் விரியும், ரத்தம் மூன்று நாலு மடங்கு பாயும். அடைப்புள்ள குழாயோ, இருக்கிற ரத்தம் போதாமல் ஏற்கெனவே முடிந்த மட்டும் விரிந்து கிடக்கும். இன்னும் விரி என்றால் எங்கே போகும்? ஸ்கேனில் அந்த இடம் மட்டும் பின்தங்கித் தெரியும். ஓடச் சொல்லாமலே ஓட வைத்துப் பார்க்கிற சோதனை.

நாலைந்து நிமிடம் ஏற்றுவார்கள். முகம் சூடாகும், நெஞ்சு அழுத்தும், மூச்சு போதாதது போல இருக்கும். பயமுறுத்தும், ஆனால் ரத்தத்தில் அதன் ஆயுள் பத்து நொடிகூட இல்லை. ஏற்றுவதை நிறுத்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அவருக்கு ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: முந்தின நாளிலிருந்தே டீ, காபி, சாக்லேட் எதுவும் கூடாது. அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் காபிச் சத்து முன்னாலேயே வந்து துண்டு போட்டு வைத்துவிடும். அப்புறம் அடினோசின் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். சோதனை வீண்.

வேடிக்கை ஒன்று சொல்லட்டுமா? இதயத்தில் குழாயை விரிக்கிற இதே பொருள் சிறுநீரகத்துக்குள் போனால் குழாயை இறுக்குகிறது. அங்கே வேலை கூடினால் ரத்தத்தைக் குறைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஒரே சொல், ஆளுக்குத் தக்கபடி கேட்டுக்கொள்கிறார்கள்.

உன் நண்பருக்கு வேறு சந்தேகம் இருந்தாலும் கேட்டு எழுது. யார் அவர்? கூடத்தில் வேலை செய்கிறவரா?

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை நண்பருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். துண்டு போடுவது வந்ததும் சிரித்துவிட்டார்.

ஆனால் சோதனை நடக்கவில்லை. முந்தின நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், அன்று விடிந்ததும் பழக்கத் தோஷத்தில் ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு வந்து நின்றார். நர்ஸ் கேட்டதும் மறைக்கவும் இல்லை. மே மாதத்துக்குத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். அதற்குமுன் ஒரு கூத்து. சம்மதப் படிவத்தைக் கொடுத்தார்கள். பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போடவில்லை. "இரத்த குழாய்னு இருக்கு. நடுவுல 'க்' வரணும். இரத்தக் குழாய். ஒரு ஒற்று போனா பரவாயில்லைன்னு நினைக்கிற இடத்துல என் ரத்தத்தை எப்படிக் குடுக்கிறது?" என்று சொல்லி, ஏழு இடத்தில் ஒற்றுப் போட்டு, ஓரத்தில் திருத்தக் குறியும் இட்ட பிறகுதான் கையெழுத்திட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள்.

மீசைக்காரர் இரண்டு பிளாஸ்கிலும் அடையாளம் ஒட்டியிருக்கிறார், பார்த்தாயா? அங்கே மழை எப்படி?

தம்பி

*

மார்ச் 30

தம்பிக்கு,

நலம்.

வியாழக்கிழமை பிளாஸ்க் இனி வேண்டாம். திங்கட்கிழமையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வை. இருக்கிற வளையங்கள் போதும்.

உன் நண்பர் யார் என்று நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. ஏழு ஒற்று எழுதிவிட்டது.

அக்கா

*

ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. என் மேல் தப்புதான்.

ஆமாம், அத்தான்தான். "அவர் பேச்சை என்கிட்ட எடுத்தா எனக்குத் தம்பியே இல்லைன்னு நெனச்சுக்கிறேன்" என்று நீ சொல்லி இந்த மே மாதத்தோடு பதினோரு வருஷம். ஒரு தடவையும் எடுத்ததில்லை. அவரைப் பார்க்கவும் போனதில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு, அவருடைய அச்சகம் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

போன அக்டோபரில் பெரியவளின் பள்ளி மலருக்காக அந்த அச்சகத்துக்கே போக வேண்டி வந்தது. பிழை திருத்துகிற அறையில் அவர் இல்லை, உடம்பு சரியில்லை என்றார்கள். மனசு கேட்கவில்லை. முகவரி வாங்கிக்கொண்டு போனேன். நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. படியில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு படிக்கு ஒருதரம் நின்று, சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிப்பது மாதிரி நின்றார்.

"அத்தான், மூச்சு வாங்குதா?"

திரும்பினார். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரிகூடக் காட்டிக்கொள்ளவில்லை. "இல்லடா. இந்த நோட்டீஸ்ல மூணு தப்பு இருக்கு."

அந்த நோட்டீஸில் இருந்ததே ஒரு வரி அக்கா. தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள்.

அப்புறம் எப்படி விட்டுவிட்டு வருவது? எனக்குச் சைக்கிள் வாங்க ஆறு மாதம் தன் மதியச் சாப்பாட்டை விட்டவர். வியாழக்கிழமைகளில் போகிறேன். உன்னைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வாராவாரம், "அங்கே மழையா?" என்று மட்டும் கேட்பார். நானும் விசாரித்துச் சொல்வேன்.

மே ஏழாம் தேதி சோதனை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கு இருக்கிறதா தெரியவில்லை.

நீ திட்டியாவது ஒரு கடிதம் போடு.

தம்பி

*

ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. திட்ட வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தை மறுபடி படித்தால் நோட்டீஸ் இடத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்த பிறகு திட்ட வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்குள் பெரிய சண்டை என்று எல்லோரும் நினைத்தீர்கள். சண்டையே இல்லை. அச்சகம் உன் ஊருக்கு மாறியது. அவர் பெட்டி கட்டினார். "வா" என்று அவர் கேட்கவில்லை. "போகாதீங்க" என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு எட்டு வளையங்கள் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அலமாரியில் பாதி காலியாக இருந்தது. உன்மேல் கோபப்பட்டது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிளாஸ்கை மறுபடி அனுப்பு. இரண்டு நாளும்.

ஒரு உதவி. பதினேழு வருஷமாக இந்த மருந்தைக் குழாய்களுக்குத்தான் போட்டிருக்கிறேன். உள்ளேயிருந்து அது எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகமும் ஒழுங்காகச் சொல்லவில்லை. "அசௌகரியம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அவரைவிட நுணுக்கமாகக் கவனித்து எழுதக்கூடிய ஆள் யார் இருக்கிறார்கள்? நிமிடம் நிமிடமாக என்ன உணர்ந்தார் என்று குறித்துத் தரச் சொல். நான் கேட்டதாகவே சொல்லலாம்.

டீத்தூளை முந்தின நாளே உன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடு. டம்ளரையும் சேர்த்து.

அக்கா

*

மே 10

விளிச்சொல் எழுத வேண்டிய இடம் இது. நாலைந்து போட்டுப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. வெற்றிடமாக விட்டிருக்கிறேன்.

நலம் விரும்புகிறேன். என் நலம் பற்றிக் கீழே உள்ளது. நீ கேட்டதாக உன் தம்பி சொன்னான். சோதனை மே 7, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் தொடங்கியது. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது வசதி.

முதல் நிமிடம்: நாற்பது நொடி வரை ஒன்றுமில்லை. பிறகு முகத்தில் சூடு, காதுமடல் வரை. உலைக்கு முன்னால் குனிந்தது போல. கைகளில் சூடு இல்லை.

இரண்டாம் நிமிடம்: நெஞ்சின்மேல் தடித்த அகராதி ஒன்றை வைத்தது போன்ற கனம். சற்று நேரத்தில் இரண்டாம் தொகுதியையும் வைத்தார்கள். தாடை இறுகியது. மூச்சு உள்ளே போகிறது, போதவில்லை. நர்ஸ் "எப்படி இருக்கு சார்?" என்றார். "குறிச்சுக்கிட்டு இருக்கேன், பேச்சுக் குடுக்காதீங்கம்மா" என்றேன்.

நான்காம் நிமிடம்: தலைவலி, நெற்றியில் மட்டும். கனம் அதே அளவு. முடிவில் மருந்தை நிறுத்தினார்கள்.

ஐந்தாம் நிமிடம்: அகராதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் நிமிடத்தில் எதுவுமே நடக்காதது போல இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் விசித்திரம்.

முடிவு: இதயத்துக்குப் போகும் மூன்று குழாய்களில் ஒன்று, விரியச் சொல்லியும் விரியவில்லை. ஜூன் முதல் வாரத்தில் ஸ்டென்ட் வைப்பார்கள். பயப்படும்படி இல்லை என்கிறார் டாக்டர். படிவத்தைப் புதிதாக அச்சிட்டிருக்கிறார்கள். இந்த முறை பிழை இல்லை.

குறிப்புகள் உன் வேலைக்குப் பயன்பட்டால் மகிழ்ச்சி. அங்கே மழை உண்டா என்று தம்பி மூலம் கேட்பது வழக்கம். இப்போது நேரடியாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து உனக்குத் தெரியும்)

*

மே 15

விளிச்சொல்லுக்கு நானும் இடம் விட்டிருக்கிறேன். இருவருமாக உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

நலமாக இருக்கிறேன். நேற்று மாலை மழை பெய்தது, அரை மணி நேரம். ஜன்னலைச் சாத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் குறிப்பைப் பேராசிரியரிடம் காட்டினேன். "யார் இவர்? இவ்வளவு சுத்தமா எழுதியிருக்காரே!" என்றார். "பிழை திருத்துபவர்" என்றேன். வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பஸ் ஏறின பிறகுதான் தோன்றியது.

கைகளில் சூடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது நான் எங்கும் படிக்காதது. அதைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒன்று.

மூன்றாம் நிமிடம் எங்கே?

முதலில் கண்ணில் படவில்லை. நாலாவது முறை படிக்கும்போதுதான் பார்த்தேன். இரண்டுக்கு அடுத்து நேராக நான்கு. உங்கள் கையிலிருந்து ஒரு கால்புள்ளி தவறிப் பார்த்ததில்லை. ஒரு முழு நிமிடம் எப்படித் தவறும்? ஒருவேளை பக்கத்தைத் திருப்பும்போது விட்டிருப்பீர்களோ என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். எழுதி அழித்த தடம்கூட இல்லை.

பிறகுதான் உறைத்தது. என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டேனே தவிர, பயமாக இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னாலும் கேட்கவில்லை.

பயமாக இருந்ததா?

இதற்கு எழுத்தில் பதில் வேண்டாம். அடுத்த வாரம் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், பதினோரு மணிக்குள் வந்துவிடுவேன். ஸ்டென்ட் வைத்து முடியும்வரை விடுப்பு சொல்லியிருக்கிறேன். தம்பிக்கும் எழுதிவிட்டேன்.

வரவேற்கிறேன் என்று நாலு மாடி இறங்கி வந்து வாசலில் நிற்காதீர்கள். நான் ஏறி வருகிறேன். கதவைத் திறந்து மட்டும் வையுங்கள்.